நடுக்கத்துக்கு அமைத்த கருவியும் நடையும்

பார்க்கின்சன் நோய்க்கான ஆழ்மூளைத் தூண்டல், நடுக்கத்தை அடக்கும் முயற்சியில் உருவான சிகிச்சை. 1987இல் பிரான்சின் கிரனோபிள் நகரில் மருத்துவர்கள் பெனாபிடும் போலாக்கும் மூளையின் தாலமஸ் பகுதியில் மின்முனை பொருத்தி, வினாடிக்கு நூறுக்கும் மேற்பட்ட துடிப்புகளைச் செலுத்தியபோது கைநடுக்கம் நின்றது. 1990களில் இலக்கு சப்தாலமிக் உட்கருவுக்கு நகர்ந்தது. விறைப்பும் இயக்க மந்தமும் தணிந்தன. 130 ஹெர்ட்ஸை ஒட்டிய துடிப்பு வழக்கம் மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது. சில ஆண்டுகள் கழித்து நோயாளியின் கால் தரையோடு ஒட்டிக்கொண்டு நடை உறைந்தால், நோய் முற்றிவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறோம். அது பாதி உண்மை. மீதிக் காரணத்தை நாம் நடையை அளக்கும் விதத்திலும் கருவியை அமைக்கும் விதத்திலும் தேட வேண்டும்.

உலகெங்கும் வழங்கும் எம்.டி.எஸ்.-யு.பி.டி.ஆர்.எஸ். அளவீட்டில் இயக்கப் பரிசோதனைக்கு மொத்தம் 132 புள்ளிகள். நடைக்கு 4, நடை உறைதலுக்கு 4. இந்த எட்டும் முழுக்கக் கெட்டிருந்தாலும், கைகள் தேறிவிட்டால் கூட்டுத்தொகை வெற்றி என்றே சொல்லும். பரிசோதனை நடப்பதோ பெரும்பாலும் தடையில்லாத நேர்வழியில். உறைதல் வருவது வாசற்படியில், திரும்பும்போது, தொலைபேசி மணி கேட்டு அவசரப்படும்போது. குதிகால் மேலெழும், முழங்கால்கள் வெடவெடவென்று நடுங்கும், பாதம் பெயராது, உடல் மட்டும் முன்னே சாயும். அந்தக் கணத்தில்தான் விழுகிறார்கள்.

நடைக்கோளாறு என்பது ஒரே நோய்க்குறி அன்று. மருந்தின் வீரியம் குறைந்த நேரத்தில் வந்து, லெவோடோபா மருந்து ஏறியதும் விலகும் குறுநடையும் உறைதலும் தூண்டலுக்கும் பெரும்பாலும் இணங்கும். மருந்து முழு வீச்சில் இருக்கும்போதும் நீடிக்கும் உறைதலும் சமநிலை இழப்பும் அவ்வளவாக இணங்குவதில்லை. ஆகவே அறுவைக்கு முன்பான லெவோடோபா சோதனையில் நோயாளியைக் குறுகிய வாசல் வழியாக நடக்கவிட்டு, இருபுறமும் திரும்பச் சொல்லி, பேசிக்கொண்டே நடக்கவும் வைத்துத் தனியாகப் பதிய வேண்டும்.

துடிப்பெண்ணும் அதே அளவு முக்கியம். 2008இல் பிரான்சின் லில் நகர ஆய்வாளர்கள், மின்னழுத்தத்தை உயர்த்தி 60 ஹெர்ட்ஸுக்கு இறக்கியபோது உறைதல் குறைவதைக் காட்டினர். இது சர்வரோக நிவாரணி அல்ல: சிலருக்கு நடுக்கம் திரும்புகிறது, சிலருக்குப் பலன் நாளடைவில் தேய்கிறது. ஆனாலும் கத்தி படாமல், மாற்றியதைத் திரும்பப் பெறக்கூடிய இந்த முயற்சியைச் செய்துபார்க்காமல் கைவிரிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மூளைத்தண்டிலுள்ள பெடங்குலோபாண்டைன் உட்கருவைத் தூண்டும் வழியும் 2005இல் திறந்தது. நடையோடு தொடர்புள்ள பகுதி என்பதால் எதிர்பார்ப்பு பெரிதாக இருந்தது. கிரனோபிள் குழு 2010இல் ஆறு பேரிடம் கண்ட முடிவு ஆளுக்கு ஆள் மாறுபட்டது. இரட்டை மறைப்பு ஒப்பீட்டில் குழுவாகத் தெளிவான பலன் தெரியவில்லை. எல்லை மங்கலான சிறு பகுதி அது. மின்முனை சற்று விலகினாலும் தூண்டப்படுவது வேறாகிவிடும். பொதுச் சிகிச்சையாக அதை முன்வைக்கும் காலம் வரவில்லை.

கை நடுங்காமல் இருப்பதா, விழாமல் நடப்பதா என்ற தேர்வு சிலருக்கு உண்மையிலேயே வருகிறது. அந்தத் தேர்வைக் கருவியின் வழக்கமான அமைப்பு செய்துவிடக் கூடாது. இரண்டு அமைப்புகளைப் பதிந்து, வீட்டில் நோயாளியே மாற்றிக்கொள்ளும் வசதி இன்றைய கருவிகள் பலவற்றில் உண்டு. அதை அவருக்கும் குடும்பத்தாருக்கும் சொல்லிக்கொடுப்பது சிகிச்சையின் பகுதிதான்.