கற்கருவிப் பெயர்களும் பயன்பாட்டுப் பொருளும்: ரேணிகுண்டாச் சான்று

தமிழில் கருவிப்பெயர்கள் பல, வினையடியோடு ‘இ’ விகுதி சேர்ந்து பிறக்கின்றன. மண்வெட்டி, துருவி, சுரண்டி ஆகியன இத்தகையன. பெயரைக் கேட்ட அளவிலேயே கருவியின் தொழில் விளங்கும். வழக்கிலுள்ள கருவிகளுக்கு இதனால் இடர்ப்பாடு இல்லை. தொழிலை அறிந்தவரே பெயரிட்டனர். பயன்படுத்தியோர் மறைந்து பல்லாயிரம் ஆண்டுகள் கழிந்த கருவிக்கு இவ்வாறு பெயரிடின், இனி ஆராய்ந்து காணவேண்டியதை முன்னரே முடிவுசெய்தவராகிறோம்.

திருப்பதியை அடுத்த ரேணிகுண்டாவைச் சூழ்ந்த பகுதியில் (2022 வரை சித்தூர் மாவட்டம், இன்று திருப்பதி மாவட்டம்) எம்.எல்.கே. மூர்த்தி 1960களில் ஆய்ந்த பழைய கற்காலக் கருவிகள் இங்குக் கருதத்தக்கன. அவற்றுள் நீண்டு மெலிந்த கல் அலகுகளும் ‘பியூரின்’ எனப்படும் வகையும் சிறப்பிடம் பெறுவன. பியூரின் என்பது உலோகத்தில் உருச்செதுக்குவோர் கையாளும் உளியின் பிரெஞ்சுப் பெயர். வடிவ ஒப்புமை கருதி ஐரோப்பியத் தொல்லியலார் அதனைக் கல்லுக்கு ஏற்றினர். ஆயின், ஒரு கல்லைப் பியூரின் என வகைப்படுத்துவது அது செய்த வேலையைக் கொண்டன்று. அலகின் விளிம்பை ஒட்டி ஒரு சிறு சில்லைத் தட்டிப் பெயர்த்திருக்க வேண்டும். அதனால் உளிவாய் போன்ற முனை உண்டாகியிருக்க வேண்டும். இவ்வளவே போதும். பெயர் பயனைச் சுட்டுகிறது. வரையறையோ செய்முறையைச் சுட்டுகிறது.

பயனை அறியும் வழி வேறு. சோவியத் அறிஞர் செமியோனவ் 1957இல் வெளியிட்ட நூல் (ஆங்கில மொழிபெயர்ப்பு 1964), விளிம்பில் எஞ்சிய தேய்வையும் கீறல்களையும் நுண்ணோக்கியால் ஆராயும் முறைக்கு அடித்தளமிட்டது. புதிதாகச் செய்த கற்கருவியால் எலும்பு, மரம், தோல் ஆகியவற்றில் வேலைசெய்து, அத்தேய்வைப் பழங்கருவியின் தேய்வோடு ஒப்பிடுவர். பிற நாட்டுப் பியூரின்களை இவ்வாறு நோக்கியபோது, சிலவற்றில் தேய்வு முனையில் இன்றிப் பக்க விளிம்பில் காணப்பட்டது. வேறு சில, கருவியே அல்ல; சிறு அலகுகளைப் பெயர்த்தெடுக்க உதவிய மூலக்கற்கள். பெயர்த்த சில்லே அங்கு வேண்டப்பட்ட பொருள்!

ஆகவே ‘செதுக்கி’ என்னும் மொழிபெயர்ப்பு மூலத்தினும் மிகுதியாகப் பேசிவிடுகிறது. பியூரின் என்பது தமிழ்ச் செவிக்குப் பொருள் தோன்றாத ஒலி. ‘செதுக்கி’யிலோ வினை வெளிப்படையாக நிற்கிறது. ‘உளிமுனை அலகு’ எனின் வடிவ ஒப்புமையோடு சொல் நின்றுவிடும். தெலுங்கிலும் ‘உலி’ வழங்குதலின், அப்பகுதிக் கருவிகளுக்கு இருமொழி விளக்க அட்டை எழுதுவோர்க்கும் இது ஏற்புடைத்து.

‘கைக்கோடாரி’யின் நிலை வேறு. இராபர்ட் புரூஸ் பூட் 1863இல் அத்திரம்பாக்கத்தில் கண்டறிந்த வகைக்கு வழங்கும் இப்பெயர் பாடநூல்வரை வேரூன்றிவிட்டது. இருபுறமும் செதுக்கப்பட்டமையைக் குறிக்கும் ‘இருமுகக் கருவி’ திருத்தமானதே எனினும், பழைய பெயரை நீக்குவதினும், அக்கருவி காம்பின்றிக் கையிற் பிடிக்கப்பட்டது, வெட்டுதல் அதன் ஒரே தொழில் அன்று என ஒரு குறிப்புச் சேர்ப்பதே நடைமுறைக்கு உகந்தது.