கலரிங் ஷீட் பிரிண்ட் எடுத்தாச்சு, அடுத்து என்ன பண்றது?

பள்ளிக்கு லீவு. உங்களுக்கு 11 மணிக்கு ஆபீஸ் கால். நாலு வயசுப் பிள்ளை மொபைல் கேட்டு அடம் பிடிக்குது. அவசரமா இணையத்தில் தேடி, யானை, டைனோசர், ரயில்னு 20 கலரிங் ஷீட்டை பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிறீங்க. பத்தே நிமிஷத்தில் இருபதும் காலி. ஒவ்வொன்றிலும் குறுக்கே நாலு கிறுக்கல், அவ்வளவுதான். "வேற என்ன இருக்கு?" என்று பிள்ளை மறுபடி வந்து நிக்குது.

இதில் பிள்ளை மேல் தப்பில்லை. கலரிங் ஷீட்டையே முழு வேலை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது மூலப்பொருள் மட்டும்தான். அதை வெட்டலாம், ஒட்டலாம், மடிக்கலாம், துளை போடலாம், கதையாக்கலாம். அதற்குப் பிறகுதான் குழந்தையின் கையும் மூளையும் சேர்ந்து வேலை செய்ய ஆரம்பிக்கும்.

கலரிங் ஷீட் நல்லதா, கெட்டதா?

இந்தச் சண்டை ரொம்பப் பழசு. அமெரிக்காவில் மெக்லாக்லின் பிரதர்ஸ் நிறுவனம் 'தி லிட்டில் ஃபோக்ஸ் பெயின்ட்டிங் புக்' என்ற வண்ணம் தீட்டும் புத்தகத்தை வெளியிட்டது 1879-இல். 1903-இல் எட்டு நிறங்கள் கொண்ட கிரயோலா க்ரேயான் பெட்டி 5 சென்ட்டுக்கு வந்தது. அதன் பிறகு இந்தப் பழக்கம் உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் 1947-இல் கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் தன் 'கிரியேட்டிவ் அண்ட் மென்டல் குரோத்' நூலில் இதைக் கடுமையாக எதிர்த்தார். பெரியவர்கள் வரைந்த கச்சிதமான படத்தையே நிரப்பிப் பழகும் குழந்தை, தன் கையால் வரையும் நம்பிக்கையை இழந்துவிடும் என்பது அவர் வாதம்.

"எனக்கு யானை வரைய வராது, நீயே வரைஞ்சு கொடு" என்று உங்கள் பிள்ளை சொல்லியிருந்தால், அவர் சொன்னதில் விஷயம் இருப்பது புரியும். அதுக்காக ஷீட்டைக் கிழித்துப் போட வேண்டியதில்லை. விரல் பிடிமானம், கண்ணும் கையும் இணைந்து இயங்குவது, ஓரிடத்தில் உட்கார்ந்து ஒரு வேலையை முடிப்பது, இதெல்லாம் வண்ணம் தீட்டுவதில் பழக்கமாகும். 2 முதல் 4 வயதுக் குழந்தைகள் திரை முன் உட்காரும் நேரம் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. மீதி நேரத்துக்கு நமக்கும் ஏதாவது வேணுமே!

வயதுக்கு ஏத்த படம்

பொதுவாக மூன்று வயதில் ஒரு குழந்தை பார்த்து வட்டம் போடும். நாலு வயதில் கூட்டல் குறி, அதைத் தொடர்ந்து சதுரம், ஐந்து வயதையொட்டி முக்கோணம். கொஞ்சம் முன்பின் ஆகலாம், கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் மூன்று வயதுக் குழந்தையிடம் 60 சின்னக் கட்டங்கள் உள்ள மயில் படத்தைக் கொடுத்துவிட்டு "கோட்டைத் தாண்டாதே" என்று சொல்வது நியாயமில்லை. ஒரே பெரிய உருவம், தடித்த வெளிக்கோடு, நிறைய வெற்றிடம். இது போதும்.

பாதி வரைந்த படம் இன்னும் நல்லது. வால் இல்லாத பூனை, முகம் இல்லாத மனிதன், தண்டவாளம் இல்லாத ரயில். கடைசிக் கோட்டைப் பிள்ளை போடட்டும். அப்படிப்பட்ட ஷீட் கிடைக்கவில்லை என்றால், பிரிண்ட் எடுக்கும் முன் படத்தின் பாதியை மறைத்துவிடுங்கள், முடிஞ்சது. லோவன்ஃபெல்ட்டுக்கு என் பதிலும் இதுதான்.

பேப்பர் விஷயத்தில் கொஞ்சம் கவனம்

வீட்டுப் பிரிண்டரில் போடும் ஏ4 தாள் பெரும்பாலும் 70, 75 அல்லது 80 ஜிஎஸ்எம். க்ரேயானுக்கும் கலர் பென்சிலுக்கும் இது சரி. ஸ்கெட்ச் பென் பின்பக்கம் ஊறும், வாட்டர் கலர் பட்டால் தாள் சுருண்டுவிடும். தண்ணீர் வைத்து வேலை செய்ய 150 ஜிஎஸ்எம்முக்கு மேல் உள்ள தாள் வாங்குங்க. இன்னொண்ணு: சாதாரண இங்க்ஜெட் பிரிண்டரின் மை பெரும்பாலும் ஈரம் பட்டால் கரையும், கறுப்புக் கோடெல்லாம் யானையின் கால் வழியே ஒழுகும். லேசர் பிரிண்டோ ஜெராக்ஸ் கடைப் பிரதியோ அப்படிக் கரையாது.

ஆபீஸில் ஒருபக்கம் அச்சான தாள்களின் பின்பக்கத்தையும் பயன்படுத்தலாம். அதில் யாருடைய சம்பள விவரமும் இல்லை என்று மட்டும் பார்த்துக்கோங்க.

இங்கேயே இருக்கும் நாலு வழிகள்

கார்ட்டூன் பாத்திரங்களையே தேடி அலைய வேண்டாம். வெறும் கோட்டோவியத்தை எப்படியெல்லாம் நிரப்பலாம் என்பதற்கு இந்தியாவிலேயே அருமையான முறைகள் இருக்கின்றன.

பிகாரின் மதுபனி ஓவியத்தில் பர்னி, கச்னி என்று இரண்டு பாணிகள் உண்டு. பர்னி என்றால் வெளிக்கோட்டுக்குள் அடர்த்தியாக வண்ணம் நிரப்புவது. கச்னி என்றால் மெல்லிய கோடுகளை நெருக்கமாக இழுத்தே நிரப்புவது. சீதா தேவி பர்னிக்கும் கங்கா தேவி கச்னிக்கும் பெயர் பெற்றவர்கள். வீட்டுச் சுவரில் பெண்கள் வரைந்துவந்த இந்தக் கலை, 1960-களின் நடுவில் பிகாரைத் தாக்கிய வறட்சியின்போது, வருமானத்துக்கு வழியாகக் காகிதத்துக்கு வந்தது. உங்கள் வீட்டில் ஒரே மீன் படத்தை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை வண்ணத்தால் நிரப்பட்டும், மற்றதைக் கோடுகளால் மட்டும்.

மத்தியப் பிரதேசத்தின் கோண்டு ஓவியத்தில் மானின் உடம்பு முழுக்கப் புள்ளி, சின்னக் கோடு, செதில் மாதிரி வளைவுகள். பாட்டன்கர் கிராமத்தைச் சேர்ந்த ஜங்கட் சிங் ஷ்யாம், போபால் பாரத் பவன் மூலமாக உலக அளவில் அறியப்பட்டவர். "இந்த மானுக்குள்ள கலரே அடிக்காதே, புள்ளி மட்டும் வை" என்று சொல்லிப் பாருங்கள். ஐந்தாறு வயதுப் பிள்ளை ரொம்ப நேரம் தலை நிமிராது. உங்கள் 11 மணி காலுக்கு ஏத்த வேலை இதுதான், ஏன்னா இதில் கத்தரிக்கோலும் இல்லை, பசையும் இல்லை.

மகாராஷ்டிராவின் வார்லிக்குப் பிரிண்டே தேவையில்லை. வட்டம், முக்கோணம், சில கோடுகள் போட்டால் மனிதன் தயார். செம்மண் பூசிய சுவரில் அரிசி மாவுக் கரைசலால் வரைவது வழக்கம். நமக்கு கூரியர் பெட்டியின் பழுப்பு அட்டையும் வெள்ளை க்ரேயானும் போதும்.

மதுரா, பிருந்தாவன் பக்கத்து சாஞ்சி, காகிதத்தில் நுணுக்கமாக வெட்டி அச்சாக்கும் கலை. கலரிங் ஷீட்டில் உள்ள பூவின் இதழ்களை நீங்கள் வெட்டி எடுத்துவிட்டால் அதுவே அச்சு. வேறொரு தாளின் மேல் வைத்து, நிறத்தில் தோய்த்த பழைய ஸ்பாஞ்சால் பிள்ளை ஒற்றி எடுக்கும். ஒரு ஷீட்டிலிருந்து பல படங்கள்!

வண்ணம் தீட்டியதை என்ன செய்வது?

தீட்டிய படத்தைக் கூரியர் அட்டையில் ஒட்டி, சுற்றி வெட்டி, பின்னால் ஒரு ஐஸ் குச்சி வையுங்கள்; பொம்மலாட்ட பொம்மை ரெடி. இரவில் விளக்கை அணைத்து மொபைல் டார்ச் அடித்தால் சுவரில் நிழல் நாடகம். பழைய கல்யாணப் பத்திரிகையில் ஒட்டி ஆறு துண்டாக வெட்டினால் புதிர். வெள்ளை க்ரேயானில் ரகசியப் படம் போட்டு, மேலே நீர்த்த வாட்டர் கலரைத் தடவினால், மெழுகு தண்ணீரைத் தள்ளிவிட்டுப் படம் தெரியும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கதைப் புத்தகம். நாலு ஷீட்டை ஸ்டேப்ளர் அடித்து, "இந்த யானை எங்கே போகுது?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்வதை, சொன்ன வார்த்தையிலேயே படத்துக்குக் கீழே எழுதுங்கள். பெங்களூருவிலோ புனேவிலோ வளரும் பிள்ளைக்கு வீட்டில் தமிழ் பேச வரும், படிக்க வராது. தான் சொன்ன கதையைத் தமிழ் எழுத்தில் பார்ப்பது ஒரு நல்ல தொடக்கம்.

இன்னும் யோசனை வேணும்னா, தூக்கிப் போடும் பொருட்களில் பொம்மை செய்யச் சொல்லித் தரும் அர்விந்த் குப்தாவின் இணையதளத்தைப் பாருங்கள், எல்லாம் இலவசம்.

பாதுகாப்பு: இதில் சமரசம் வேண்டாம்

படத்தின் மேல் பருப்பு, மணி ஒட்டும் வேலை அழகாகத்தான் இருக்கும். ஆனால் மூன்று வயதுக்குக் கீழே அது வேண்டவே வேண்டாம். பட்டாணி, வேர்க்கடலை, ராஜ்மா, மணி, ஸ்கெட்ச் பென் மூடி எல்லாம் மூக்குக்குள்ளோ மூச்சுக்குழாய்க்குள்ளோ போகக்கூடியவை. அதற்குப் பதிலாகக் கிழித்த நாளிதழ்த் துண்டுகளை ஒட்டலாம். பெரிய பிள்ளைகள் பருப்பு ஒட்டினாலும் நீங்கள் பக்கத்தில் இருங்கள், முடிந்ததும் தரையைப் பெருக்குங்கள். முனை மழுங்கிய கத்தரிக்கோலும் அப்படித்தான், கால் பேசிக்கொண்டே மேற்பார்க்கும் வேலை இல்லை.

விரலால் தொட்டுத் தீட்டும் பெயின்ட்டுக்கு, ஐஎஸ் 9873 என்ற பொம்மைப் பாதுகாப்புத் தரநிலையில் தனிப் பகுதியே இருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பரணில் கிடக்கும் பழைய எனாமல் பெயின்ட் டப்பாவை மட்டும் எடுக்காதீர்கள். வீட்டுப் பெயின்ட்டில் காரீயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பாவில் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல முடியாது.

டவுன்லோடு பண்ணுவது சட்டப்படி சரியா?

இலவசம் என்று தளத்தின் உரிமையாளரே கொடுக்கும் ஷீட்டை வீட்டில் பயன்படுத்தச் சிக்கல் இல்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவும் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இடம் கொடுக்கிறது. ஆனால் பிரபல கார்ட்டூன் படங்களைத் தொகுத்து, பிறந்தநாள் ரிட்டர்ன் கிஃப்ட் என்று அச்சடித்து விற்பது வேறு விஷயம். அதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். உங்கள் பிள்ளையே வரைந்த படத்தை ஸ்கேன் செய்து, கறுப்புக் கோடாக்கி, ரிட்டர்ன் கிஃப்ட்டாகக் கொடுத்தால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.