‘லூப்’ எண்டு நாங்கள் சொல்லுற சாமான்

எங்கட அம்மாக்களின் தலைமுறை அதை ‘லூப்’ எண்டுதான் சொல்லும். “அவ லூப் போட்டிருக்கிறா” என்று குசினிக்குள் மெதுவாகச் சொல்லப்படும் இந்தச் சொல் 1960களுக்குரியது. அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஜாக் லிப்பஸ் என்ற மருத்துவர் வளைந்து நெளிந்த ஒரு பிளாஸ்டிக் கருவியைச் செய்தார். அதுதான் லிப்பஸ் லூப். இப்ப போடுவது ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவத்தில் இருக்கிறது. பெயர் மட்டும் மாறவில்லை.

அதற்கும் முன்னர், 1920களில் ஜெர்மனியில் ஏர்ன்ஸ்ட் கிறாஃபென்பேர்க் வெள்ளிக் கம்பி வளையத்தைக் கருப்பைக்குள் வைத்துப் பார்த்தார். அவர் யூதர். நாஜிகள் அவரைச் சிறையில் போட்டார்கள். பிறகு அமெரிக்காவுக்குத் தப்பிப் போனார். 1960களின் இறுதியில், சிலி நாட்டின் ஹைமே சிப்பர், கருப்பைக்குள் செம்பு இருந்தால் கரு தங்காது என்று கண்டார். அமெரிக்க மருத்துவர் ஹோவர்ட் டேட்டமின் ‘டி’ வடிவத்தோடு அது சேர்ந்தபோது கொப்பர் டி பிறந்தது. அதில் ஹோர்மோன் கிடையாது. பத்து வருடம் வரை வேலை செய்யும் வகையும் உண்டு. ஆனால் மாதவிடாய் இரத்தமும் வலியும் கூடலாம்.

இடையில் ஒரு பெரிய அடி விழுந்தது. 1971இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த டல்கன் ஷீல்டின் நூல், பல இழைகளைச் சேர்த்துச் செய்தது. அதன் வழியாகக் கிருமிகள் கருப்பைக்குள் ஏறின. பல பெண்கள் தொற்றாலும் மலட்டுத்தன்மையாலும் பாதிக்கப்பட்டார்கள், சிலர் இறந்தார்கள். 1974இல் விற்பனை நின்றது. வழக்குகள் குவிந்து 1985இல் கம்பனி வங்குரோத்தானது. பழுது அந்த ஒரு வடிவமைப்பில்தான். ஆனாலும் பயம் எல்லாக் கருவிகள் மேலும் ஒட்டிக்கொண்டது.

ஹோர்மோன் கருவி இந்தப் பயத்துக்கு நடுவில்தான் வளர்ந்தது. பின்லாந்தின் தபானி லூக்காய்னன் குழுவினர் உருவாக்கிய மிரேனா 1990இல் அங்கே பாவனைக்கு வந்தது. அதற்குள் 52 மில்லிகிராம் லெவோநோர்ஜெஸ்ட்ரெல் இருக்கிறது. அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து கருப்பை வாயின் சளியைத் தடிப்பாக்கும், உட்சுவரை மெல்லியதாக்கும். செம்பு இரத்தப்போக்கைக் கூட்டினால் இது குறைக்கும். சிலருக்கு மாதவிடாயே நின்றுவிடும். முதல் சில மாதங்கள் இரத்தம் ஒழுங்கில்லாமல் படும். அதிக இரத்தப்போக்கால் சோர்ந்து போகிறவர்களுக்கு இது மருந்தும்கூட.

அப்ப எது நல்லது? கணக்கைப் பார்த்தால் இரண்டு கருவிகளிலும் வருடத்துக்கு நூறு பெண்களில் ஒருவருக்கும் குறைவாகவே கரு தங்குகிறது. வழமையான பாவனையில் மாத்திரையில் இது ஏழு அளவில் வரும், குளிசையை மறக்கிறது மனித இயல்பு. மூன்று மாத ஊசியை நிறுத்தினாலும் கருத்தரிக்கச் சில மாதங்கள் பிந்தலாம். பாலியல் தொற்றிலிருந்து காப்பது ஆணுறை மட்டும்தான்.

ஆனால் கணக்கு சொல்லாத ஒன்றை வரலாறு சொல்கிறது. மாத்திரையை நாங்களே நிறுத்தலாம். கருவியை எடுக்க இன்னொருவரின் கை வேண்டும். அந்தக் கை யாருடையது? 1956இல் புவேர்ட்டோ றிக்கோவின் ஏழைப் பெண்களுக்கு மாத்திரை கொடுக்கப்பட்டபோது அது பரிசோதனை என்று ஒழுங்காகச் சொல்லப்படவில்லை. 1991இல் கலிஃபோர்னியாவில் ஒரு நீதிபதி, கைக்குள் வைக்கும் நோர்பிளான்ட்டை ஒரு பெண்ணுக்குத் தண்டனை நிபந்தனையாக்கினார். இலங்கையில் குடும்பத் திட்டச் சங்கம் 1953இல் தொடங்கியது. 1965இல் அரசு பொறுப்பெடுத்தது. 1980இல் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குக் காசு கொடுக்கப்பட்டது. வறுமைப்பட்ட வீட்டில் காசோடு வரும் தெரிவை எவ்வளவு தூரம் தெரிவு என்று சொல்லலாம்?

ஆகவே கருவியை ஒதுக்கத் தேவையில்லை. உள்ளே எது போகிறது, செம்பா ஹோர்மோனா, எவ்வளவு காலத்துக்கு, வலிக்கு என்ன செய்வீர்கள் என்று டொக்டரிடமோ குடும்பநல மாதுவிடமோ கேட்கலாம். “நான் சொல்லுற நேரம் எடுத்துத் தருவீங்களா?” என்பதையும் சேர்த்துக் கேட்போம். போடுவதற்கு முன்னமே கேட்போம்.