பாற்குடமும் சட்டமும்

பம்பாயிலும் டில்லியிலும் கல்கத்தாவிலும் குடியேறிய நம்மவர்க்குக் காலைக் காப்பிக்கு நல்ல பால் வாய்ப்பது பெருங்காரியம். அப்பாலின் தரத்தைக் காக்க அரசாங்கம் முற்பட்டபோது, ஓரிரு மாடு வைத்துப் பிழைக்கும் குடியானவரின் நிலை யாதாயிற்று என்பதை ஈண்டு நோக்குவோம்.

1945-ஆம் ஆண்டில் பம்பாய் அரசாங்கம் நகரத்துக்குப் பால் வழங்கும் திட்டமொன்றை வகுத்தது. குஜராத்தின் கேடா ஜில்லாவில் பாலைத் திரட்டி, பதப்படுத்தி, பம்பாய்க்கு அனுப்பும் பொறுப்பு போல்ஸன் என்னும் தனியார் கம்பெனிக்குக் கிட்டியது. நகரத்தார்க்குப் பால் கிடைத்தது. கறந்து கொடுத்தவர்க்கோ நியாயமான விலை கிடைக்கவில்லை. வாங்குவோர் ஒருவரே ஆனபடியால் அவர் சொன்னதே விலையாயிற்று. 1946 ஜனவரி 4-ஆம் தேதி சமர்க்கா கிராமத்தில் மொரார்ஜி தேசாய் முன்னிலையில் கூடிய விவசாயிகள், தங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக அன்றிப் பால் கொடுப்பதில்லை என உறுதி பூண்டனர். பதினைந்து நாள் அவர்கள் பால் பம்பாய்க்குச் செல்லவில்லை, அரசாங்கம் இணங்கிற்று. அவ்வாண்டு டிசம்பர் 14-ஆம் தேதி, திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் கேடா ஜில்லாச் சங்கம் பதிவாயிற்று. பின்னாளில் அமுல் என்று நாடறிந்தது அதுவே.

அடுத்து வந்தது 1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டம். பசும்பாலுக்கும் எருமைப் பாலுக்கும் கொழுப்புச் சத்தின் அளவு இவ்வளவு என விதிக்கப்பட்டது. தீவனமும் பருவமும் ஈற்றுக் காலமும் மாறினால் கொழுப்பும் மாறும் என்பதை மாடு வளர்ப்போர் அறிவர். ஆயினும், பாலின் தன்மையை அறியாமல் விற்றேன் என்பது சட்டத்தின்முன் செல்லாது. 1964-இல் செய்த திருத்தமோ, தக்க காரணம் இருந்தாலன்றிக் குறைந்தது ஆறு மாதச் சிறை என்றது. நீர் கலந்து விற்பவர்க்கு அது தகும். சோதனைக் கருவியோ குளிர்சாதனமோ இல்லாமல் வீதியில் பால் ஊற்றிய எளியவர் என் செய்வார்?

இவ்வினாவுக்குக் கேடாவின் முறையே விடை தந்தது. சங்கத்தில் ஒவ்வொருவர் பாலையும் சோதித்துக் கொழுப்புக்கேற்ப விலை தந்தனர். தனியாருக்குக் குற்றமாய் முடியக்கூடிய குறைவு, சங்க உறுப்பினருக்கு விலைக் குறைவாக மட்டும் நின்றது. கூட்டிச் சேர்த்த பாலை விதித்த தரத்துக்குக் கொணரும் பொறுப்பைப் பாற்பண்ணை ஏற்றது.

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றது. பண்ணையளவில் விவசாயி செய்யும் தொழிலை அது தன் எல்லைக்குப் புறத்தே வைத்தது. நாளொன்றுக்கு 500 லிட்டர் வரை பால் கையாளும் சிறியோர்க்கு உரிமம் வேண்டாம், பதிவே போதும் என்றன 2011-ஆம் ஆண்டின் விதிகள். தம் பால் முழுவதையும் கூட்டுறவுச் சங்கத்துக்கே தரும் உறுப்பினர்க்கு அப்பதிவும் விலக்கப்பட்டது.

சங்கமே இல்லாத ஊர்களின் குடியானவர்க்கு இச்சலுகையால் பயனில்லை. தரம் கேட்பது அரசாங்கத்தின் கடமை, மறுப்பாரில்லை. அத்தரத்தை எட்டச் சோதனைக் கருவியும் குளிரூட்டும் நிலையமும் நேர்மையான கொள்முதலும் அவர்க்கு அருகில் அமைதல் வேண்டும். விதியோடு வசதியும் சேர்ந்து வந்த இடங்களிலேதான் சிறு மாட்டுக்காரர் நிலைத்தார் என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது.