ஷோவே குகை: பிள்ளையும் நாயும் சேர்ந்துதான் நடந்தார்களா?

ஒரு ராத்திரி என் மகளைத் தூங்க வைக்க ஒரு கதை சொன்னேன். 26,000 வருஷத்துக்கு முன்னால், கையில் தீப்பந்தத்தோடு ஒரு சின்னப் பிள்ளை இருட்டுக் குகைக்குள் நடந்து போகிறது. கூடவே அதன் நாய். இணையத்தில் பல இடங்களில் படித்த கதைதான். "நாய் பேரு என்னப்பா?" என்றாள். பதில் இல்லை. சரி, மீதிக் கதையாவது உண்மையா என்று பார்க்க உட்கார்ந்தேன்.

குகை நிஜம். தெற்கு பிரான்சில் 1994 டிசம்பரில் கண்டுபிடிக்கப்பட்ட ஷோவே குகை, அதன் ஓவியங்களுக்காகப் பிரபலமானது. அதன் களிமண் தரையில் வெறுங்கால் தடங்கள் இருக்கின்றன. அவற்றை ஆராய்ந்த மிஷேல்-அலன் கார்சியா, எட்டு முதல் பத்து வயசுப் பிள்ளையாக இருக்கலாம் என்று கணித்தார். சுவரில் பந்தம் உரசிய கரிக்கு கார்பன் முறையில் சுமார் 26,000 ஆண்டு என்று தேதி கிடைத்தது. அதே பகுதியில் நாய் இனத்து விலங்கு ஒன்றின் தடங்களும் உண்டு. முன்காலின் நடுவிரல் ஓநாயைவிடக் குட்டையாக இருப்பதால் நாய் மாதிரி இருக்கிறது என்றார் அவர்.

இதுவரை சரி. ஆனால் இரண்டும் சேர்ந்து நடந்தன என்பதற்கு என்ன ஆதாரம்? லாக் ஃபைல் பார்த்துப் பிழைப்பவன் நான். இரண்டு வரி பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதாது, இரண்டுக்கும் டைம்ஸ்டாம்ப் வேண்டும். இங்கே தேதி கரிக்குத்தான். பிள்ளையின் தடத்துக்கே அது ஊகத்தில்தான் பொருந்துகிறது, விலங்கின் தடத்துக்கு அதுவும் கிடையாது. வெர்னர் ஹெர்சாக் 2010-ல் எடுத்த குகைப் படத்திலும் இதே கேள்வி வருகிறது: ஓநாய் பிள்ளையைப் பின்தொடர்ந்ததா, நண்பர்களாகப் போனார்களா, இல்லை நடுவில் ஆயிரக்கணக்கான வருஷமா?

பெரும்பாலானோர் சந்தேகமின்றி ஏற்கும் மிகப் பழைய நாய், ஜெர்மனியின் பான்-ஓபர்காசலில் 1914-ல் கிடைத்தது. வயசு சுமார் 14,000 ஆண்டு. ஒரு ஆணோடும் பெண்ணோடும் புதைக்கப்பட்ட, ஏழு மாசம்கூட நிரம்பாத குட்டி. அதன் பற்களை ஆராய்ந்து 2018-ல் வந்த கட்டுரை, அதற்கு டிஸ்டெம்பர் நோய் வந்திருந்தது என்கிறது. அந்த நோயோடு அது பல வாரம் உயிரோடு இருந்திருக்கிறது. யாராவது சுத்தம் செய்து, தண்ணீர் கொடுத்துப் பார்த்துக்கொள்ளாமல் அது முடியாது. காலடித் தடத்தைவிட இந்தப் பல்லைத்தான் நான் நம்புகிறேன். ஆனால் இங்கே குழந்தை இல்லையே!

குழந்தையும் நாயும் ஐயமில்லாமல் சேர்ந்திருக்கும் ஒன்று வேண்டும் என்று தேடியதில் கிடைத்தது, ஹார்வர்டு கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு கிரேக்கக் கல்லறைக் கல். கி.மு. 340 வாக்கில் செதுக்கியது. மெலிஸ்டோ என்ற சிறுமி, ஒரு கையில் பொம்மை, இன்னொரு கையில் பறவை. காலடியில் சடை வைத்த குட்டை நாய் ஒன்று பறவையைப் பார்த்து எம்புகிறது. செத்துப்போன மகளை எப்படி நினைவு வைத்துக்கொள்வது என்று யோசித்தவர்கள், அந்த நாயையும் சேர்த்துத்தான் செதுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

மகளிடம் குகைக் கதையைத் திருத்திச் சொன்னேன். "அப்போ அது அதோட நாய் இல்லையா?" என்று முகம் சுருங்கிவிட்டது. தெரியாதும்மா என்றேன். மெலிஸ்டோ படத்தைக் காட்டினதும் மறுபடி அதே கேள்வி, பேரு என்ன? கல்லில் சிறுமியின் பெயர் இருக்கிறது, அப்பா பெயர் இருக்கிறது, ஊர்ப் பெயர்கூட இருக்கிறது. நாய் பெயரை எழுதவில்லை. அவளே ஒன்று வைத்துவிட்டாள்.