கருவிழித் தடிமனும் லேசர் பார்வைத் திருத்தமும்

கருவிழிப் படலம் அல்லது கார்னியா என்பது கண்ணின் முன்புறத்தை மூடியுள்ள ஒளிபுகும் திசு. கண்ணுக்குள் வரும் ஒளியை விழித்திரையில் குவிக்கும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை இதுவே செய்கிறது. இதன் ஒளிவிலகல் திறன் சுமார் 43 டயாப்டர். நடுப்பகுதித் தடிமன் சராசரியாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். தடிமனில் பத்தில் ஒன்பது பங்கு ஸ்ட்ரோமா என்னும் நடு அடுக்கு. லேசர் செதுக்குவது இந்த அடுக்கைத்தான்.

பவரும் தடிமனும்

கண்ணாடியின் பவர் கூடினால் கருவிழி மெலிந்திருக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலான ஆய்வுகளில் அத்தகைய உறுதியான தொடர்பு தென்படவில்லை. கிட்டப்பார்வைக்கு முதன்மைக் காரணம் கண்கோளம் நீண்டுவிடுவது, 1 மி.மீ. கூடுதல் நீளம் ஏறத்தாழ 2.5 முதல் 3 டயாப்டர் குறைபாட்டைத் தரும். எனவே கண்ணாடியின் பவரை வைத்துக் கருவிழித் தடிமனைக் கணிக்க இயலாது. இரண்டையும் தனித்தனியே அளந்தாக வேண்டும்.

செதுக்கும் ஆழம்

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற வேதியியலாளர் ரங்கசாமி சீனிவாசனும் ஐபிஎம் ஆய்வகத்தில் அவருடன் பணியாற்றியவர்களும், எக்சைமர் லேசர் சுற்றுப்புறத்தைச் சுடாமல் திசுவை நுண்மையாக அகற்றும் என்று 1981இல் கண்டறிந்தனர். கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கெல் 1983இல் அதைக் கருவிழிக்குக் கொண்டுவந்தார்.

அகற்ற வேண்டிய ஆழத்தை மன்னர்லின் சூத்திரம் தருகிறது: சிகிச்சை வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை டயாப்டரால் பெருக்கி 3ஆல் வகுத்தால் மைக்ரான் கணக்கு கிடைக்கும். 6 மி.மீ. வட்டத்தில் ஒரு டயாப்டருக்கு 12 மைக்ரான். தூரப்பார்வைக்கு ஓரப்பகுதியே வளையமாகச் செதுக்கப்படுவதால் நடுத் தடிமன் அதிகம் மாறாது.

பாதுகாப்பு எல்லை

லாசிக் முறையில் மேலே ஒரு மெல்லிய மடல் வெட்டப்படுகிறது. அதற்கு 110 மைக்ரான் என்று கொண்டால், 540 மைக்ரான் கருவிழியில் 6 டயாப்டர் கிட்டப்பார்வையைத் திருத்திய பின் அடியில் 358 மைக்ரான் மிஞ்சும். 480 மைக்ரான் கருவிழியில் 10 டயாப்டரைத் திருத்தினால் மிஞ்சுவது 250 மட்டுமே. நெடுங்காலமாகக் குறைந்தபட்ச எல்லையாகக் கருதப்படுவது இந்த அளவே. இன்று பலர் 300ஐ விரும்புகின்றனர். செதுக்கிய ஸ்ட்ரோமா மீண்டும் வளராது. வலுவிழந்த கருவிழி நாளடைவில் முன்னோக்கிப் பிதுங்கிப் பார்வையைக் கெடுக்கலாம். கூம்புக் கருவிழி நோயின் தொடக்க அறிகுறி இருந்தால் போதிய தடிமனும் காப்பாகாது. ஆகவே வளைவு வரைபடமும் கட்டாயம். மெல்லிய கருவிழி உடையோருக்கு மடல் வெட்டாத பிஆர்கே முறையோ, கண்ணுக்குள் பொருத்தும் ஐசிஎல் லென்சோ பொருந்தலாம்.

சிகிச்சைக்குப் பின்

மெலிந்த கருவிழியில் கண் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகப் பதிவாகும். கண் நீர் அழுத்த நோய் கவனத்துக்கு வராமல் போகக்கூடும். பிற்காலக் கண்புரை அறுவையில் லென்ஸ் பவரைக் கணக்கிடுவதும் கடினமாகும். ஆகவே சிகிச்சைக்கு முந்தைய தடிமன், வளைவு, பவர் அளவுகளை நோயாளி எழுத்தில் கேட்டுப் பெற்று, வாழ்நாள் முழுதும் பாதுகாக்க வேண்டும்.