மெர்போக் ஆற்றங்கரையில் ஒரு சூழலியல் பாடம்

எஸ்.பி.எம். உயிரியல் பாடத்தில் பல மாணவர்கள் மனனம் செய்துவிட்டுத் தேர்வறையில் தடுமாறும் பகுதி சூழலியல். ஆனால் கெடா, கோலமூடா மாவட்டத்து மாணவர்களுக்கு இந்தப் பாடம் வீட்டு வாசலிலேயே விரிந்து கிடக்கிறது. வடக்கே குனோங் ஜெராய், தெற்கே மெர்போக் ஆறு, இடையில் ரப்பர், செம்பனைத் தோட்டங்கள், ஆற்றின் முகத்துவாரத்தில் தஞ்சோங் டாவாய் மீனவர் கிராமம். பாடநூலின் ஏறக்குறைய எல்லாக் கருத்துகளுக்கும் இங்கே சான்று உண்டு.

அடிப்படைச் சொற்கள்

ஓர் உயிரினம் வாழும் இடம் அதன் வாழிடம். அந்த இடத்தில் அது செய்யும் 'வேலை' அதன் நிச். சதுப்பு நில நண்டுக்குச் சேறு வாழிடம். உதிர்ந்த இலைகளைத் தின்று, வளை தோண்டி, மண்ணுக்குள் காற்று புக வழி செய்வது அதன் நிச்.

ஒரே இடத்தில் வாழும் ஒரே இனத்தின் கூட்டம் இனத்தொகை. பல இனத்தொகைகள் சேர்ந்தால் சமுதாயம். அச்சமுதாயமும் அதைச் சூழ்ந்த மண், நீர், வெளிச்சம், உப்பின் அளவு போன்ற உயிரற்ற கூறுகளும் ஒன்றையொன்று பாதித்து இயங்குவது சூழல் மண்டலம். மெர்போக் ஆற்றில் கடல் ஏற்றத்தின்போது உப்பு கூடும், மழைக்காலத்தில் குறையும். எந்த மரம் எங்கே வளரும் என்பதை இந்த ஏற்ற இறக்கம் பெரிதும் தீர்மானிக்கிறது.

கண்டல் காட்டின் அடுக்குகள்

தேர்வில் அடிக்கடி கேட்கப்படும் 'குடியேற்றமும் இடப்பெயர்ச்சியும்' என்ற தலைப்புக்கு மெர்போக் கண்டல் காடு நல்ல எடுத்துக்காட்டு. பரப்பளவோடு ஒப்பிட்டால் இங்குக் கண்டல் மர இனங்கள் மிகுதி. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஓங் ஜின் இயோங்கும் அவருடன் பணியாற்றியோரும் இக்காட்டைப் பல ஆண்டுகள் ஆராய்ந்துள்ளனர்.

கடலோரச் சேற்றில் முதலில் வேர் பிடிப்பவை அவிசேனியா, சொன்னரேஷியா. மலாயில் முன்னதை 'அப்பி-அப்பி' என்பர். இவையே முன்னோடி இனங்கள். மலாய்ப் பாடநூலில் 'பெரிந்திஸ்' என்று வருவது இதுதான். சேற்றில் உயிர்வளி குறைவு என்பதால், பென்சிலைக் குத்தி வைத்ததுபோல் மூச்சு வேர்கள் மேல்நோக்கி எழும். இந்த வேர்களில் சேறு படிந்து மண் உயரும், மெல்ல இறுகும்.

அப்படி மாறிய மண் முன்னோடிகளுக்குப் பொருந்தாமல் போகிறது. அங்கே 'பாக்காவ்' எனப்படும் ரைசோஃபோரா வந்து சேரும். அதன் தாங்கு வேர்கள் மேலும் சேற்றைப் பிடித்து வைக்கும். விதை தாய்மரத்திலேயே முளைத்து, நாற்றாகக் கீழே விழும். அதனால் அலை அடித்துச் செல்லும் அபாயம் குறைகிறது. அதற்கும் உட்புறம், மண் இன்னும் இறுகிய இடத்தில், முழங்கால் போல் வளைந்த வேர்களுடன் புருகுவேரா வளரும். பிறகு நிலத் தாவரங்கள் குடியேறும்.

மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டிய முக்கியக் குறிப்பு: ஓர் இனம் தன் சூழலை மாற்றுகிறது, அந்த மாற்றமே அதன் இடத்தை அடுத்த இனத்துக்குத் தருகிறது.

தோட்டத்தில் காணும் உறவுகள்

செம்பனைத் தண்டில் பெரணிகள் ஒட்டி வளர்வதைத் தோட்டத்துப் பிள்ளைகள் பார்த்திருப்பர். பெரணிக்கு நன்மை, பனைக்குப் பெரிய கேடில்லை. இது உடனுண்ணல். அதே பனையைத் தாக்கி அழுகச் செய்யும் கானோடெர்மா பூஞ்சை ஒட்டுண்ணி. இளங்கன்றோடு நீருக்கும் சத்துக்கும் முட்டிமோதும் லாலான் புல் போட்டிக்குச் சான்று.

இளங்கன்றுகளுக்கிடையே பரப்பப்படும் பயறு வகைக் கொடிகளின் வேர் முடிச்சுகளில் ரைசோபியம் பாக்டீரியா வாழ்கிறது. அது காற்றிலுள்ள நைட்ரஜனைக் கொடிக்குப் பயன்படும் வடிவில் தருகிறது. கொடி அதற்குச் சர்க்கரை தருகிறது. இது இருபக்க நன்மை.

இன்னொரு சான்று 1981-இல் வந்தது. அதற்கு முன் மலேசியத் தோட்டங்களில் தொழிலாளர்கள் கையாலேயே செம்பனைப் பூக்களுக்கு மகரந்தம் தூவினர். அவ்வாண்டு ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து ஒரு சிறு கூன்வண்டு கொண்டுவரப்பட்டது. ஆண் பூக்களில் தின்று பெருகும் அந்த வண்டு பெண் பூக்களுக்கும் மகரந்தத்தைக் கொண்டு சென்றது. கையால் தூவும் வேலை தேவையற்றுப் போனது.

ஆற்றல் எங்கே போகிறது?

செம்பனைப் பழத்தை எலி தின்னும். எலியைக் கூகை பிடிக்கும். எலித் தொல்லையைக் குறைக்கத் தோட்டங்களில் கூகைக்குக் கூடு வைப்பது இந்த உணவுச் சங்கிலியை நம்பித்தான். ஒவ்வொரு படியிலும் சுமார் 10 விழுக்காடு ஆற்றலே அடுத்த படிக்குச் செல்லும். பழத்தில் 10,000 கிலோஜூல் இருந்தால் எலிக்கு 1,000, கூகைக்கு 100. எஞ்சியது சுவாசத்தில் வெப்பமாகவும் கழிவாகவும் போய்விடும். எலிகள் பல, கூகைகள் சில என்பதன் காரணம் இதுவே.

கணக்கிடும் முறை

நடமாடும் உயிரினங்களின் எண்ணிக்கையை அறியப் பிடித்து, குறியிட்டு, விடுவித்து, மீண்டும் பிடிப்பர். முதலில் 40 நத்தைகளுக்குக் குறியிட்டதாகக் கொள்வோம். சில நாள் கழித்துப் பிடித்த 50 நத்தைகளில் 10-இல் குறி இருந்தால், 40-ஐ 50-ஆல் பெருக்கி 10-ஆல் வகுக்க வேண்டும். விடை 200. குறி அழியக் கூடாது; விலங்குக்குக் கேடு செய்யவும் கூடாது.

காடு போனால்?

உதிரும் கண்டல் இலைகளைப் பாக்டீரியாவும் பூஞ்சையும் சிதைக்க, அந்தத் துகள்களை நண்டும் இறால் குஞ்சும் உண்ணும். அவற்றை மீன் உண்ணும். காட்டை அழித்து இறால் குளம் வெட்டினால் இந்தச் சங்கிலி அடியிலேயே அறுந்துவிடும். காற்றுப் படும் கண்டல் மண் அமிலமாகவும் மாறும். பாதிப்பு கடைசியில் வலை வீசுபவரின் கைக்கு வந்து சேரும்.

2004 டிசம்பர் 26 ஆழிப் பேரலை அருகிலுள்ள கோத்தா கோலமூடாவையும் தாக்கியது. நாட்டில் 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டல் காடு எல்லாப் பேரலையையும் தடுக்கும் மதில் அன்று. ஆனால் அடர்ந்த வேரும் தண்டும் அலையின் வேகத்தைத் தணிக்கும், கரை அரிப்பைக் குறைக்கும்.

தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் ஒருமுறை கடல் வற்றும் நேரத்தில், பெரியவர் ஒருவர் துணையுடன், ஆற்றங்கரைக்குச் சென்று வேர்களின் வடிவங்களை வரைந்து வரலாம். முன்னோடி எது, அடுத்து வந்தது எது என்ற கேள்விக்கு அதன்பின் மனனம் தேவைப்படாது.